பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய ஆவணம்

மாமா நடத்திய சிற்றிதழின் பழைய இதழ்கள் இரண்டு சிடிக்களில் இருந்தன. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்கள். அவற்றிலிருந்து எழுத்தை மட்டும் எடுத்து நோட்பேடில் ஒட்டினால் தமிழ் வராது; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்தவை அவை. அந்த எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் சொல்லும் போய்விடும். எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் பொதுமுறையான யுனிகோடுக்கு இவற்றை மாற்ற வழி தேடியபோது, பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறிய நூலகம், அதாவது எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு, கிடைத்தது. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை யுனிகோடாக மாற்றித் தரும் கட்டற்ற மென்பொருள். நிரல் மிக நன்றாக எழுதப்பட்டிருந்தது. ரீட்மியில், அதாவது அதனுடன் வரும் அறிமுகக் குறிப்பில், நான்கு வரி இருந்தது.

எனக்கு வேலை மென்பொருள் சோதனை. பைத்தான் ஓரளவு தெரியும். அப்படியிருந்தும் அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு முதல் இதழை மாற்றி முடிக்க மூன்று இரவுகள் ஆயின. இரண்டாவது இரவிலிருந்து, எங்கெல்லாம் நின்றேனோ அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். என்ன அடித்தேன், திரையில் என்ன வந்தது, எதைச் செய்தபின் நகர்ந்தது. அடுத்த இதழை மாற்றும்போது எனக்கே தேவைப்படும் என்றுதான் எழுதினேன். முடித்தபிறகு படித்துப் பார்த்தால், இது என்னிடம் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

பிறகு நானும் அந்த நூலகத்தின் குழுவில் ஒருவனானேன். புதிதாகச் சேர்கிறவர்களிடம் இன்றும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஒரு மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கும் நாட்கள் மிகக் குறைவு. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அந்த நாட்களில் எடுத்த குறிப்பை வேறு எப்போதும் எடுக்க முடியாது. ஆறு மாதம் கழித்து எழுத உட்கார்ந்தால், அப்போது எது புரியாமல் இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும். நிரலை எழுதியவருக்கோ அப்படிப்பட்ட நாட்களே இருந்திருக்காது. அதனால் அவர் ஏன் ஆவணம் எழுதவில்லை என்று குறைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது அவரைவிட நேற்று வந்தவரால் நன்றாகச் செய்யக்கூடிய வேலை.

நோட்டில் இருந்ததைச் சுத்தமாக எழுதி, 'நிறுவுவதும் முதல் மாற்றமும்' என்று தலைப்பிட்டு, திட்டத்தில் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பினேன். நூலகத்தின் பராமரிப்பாளரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "இதைப் படித்து வேறு யாராவது செய்து பார்த்தார்களா?"

இல்லை. நான் மட்டும்தான் பார்த்திருந்தேன். எனக்கோ எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

மதுரையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக நோட்டீஸ். பழைய எழுத்துருவிலேயே இருபது வருடமாக அடித்துப் பழகிய கை. அவரிடமும் பழைய ஃபைல்கள் மலைபோல இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். "அண்ணே, இந்தப் பக்கத்தைப் பார்த்து நீங்களே செய்யுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். "நீ பக்கத்துல இருக்கும்போது நான் எதுக்குத் தம்பி இதைப் படிக்கணும்?" என்று சிரித்தார். ஆனாலும் படித்தார்.

முதல் வரி 'டெர்மினலைத் திறக்கவும்', அதாவது கட்டளைகளை அடிக்கும் சன்னலை. அவருடைய விண்டோஸ் கணினியில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. பக்கத்தின் மேலே பைத்தான் என்று எழுதியிருந்ததால் அவர் பைத்தானைத் திறந்தார். மூன்று அம்புக்குறி போட்டுக் காத்திருக்கும் அந்தத் திரையில் நிறுவும் கட்டளையை அடித்தார். சின்டாக்ஸ் எரர். கவனமாக ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து மறுபடி அடித்தார். மறுபடி அதே எரர். அவர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. எங்கே அடிக்க வேண்டும் என்று என் பக்கம் சொல்லவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராமல், விண்டோஸில் டெர்மினலுக்கு ஈடான கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து கொடுத்தேன். இப்போது கட்டளையை அதன் முன்னால் இருந்த டாலர் குறியோடு சேர்த்து அடித்தார். அது லினக்ஸ் பழக்கத்தில் நான் போட்டது. 'இங்கிருந்து உங்கள் கட்டளை' என்பதற்கான அடையாளம் அது என்று அதைப் பழகியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு அது கட்டளையின் முதல் எழுத்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை கடைசியில் வந்தது. 'உங்கள் ஃபைலின் குறியேற்றத்தைக் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தேன். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினி வைத்துக்கொள்ளும் முறைதான் குறியேற்றம். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று நாலைந்து பெயர்களும் கொடுத்திருந்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுல எது என்னோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஃபாண்ட் பேருதான் தெரியும்."

அவருக்குத் தெரிந்தது எழுத்துருவின் பெயர். நாங்கள் கேட்டது குறியேற்றத்தின் பெயர். நிரலுக்கு உள்ளே இருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது பெயர்தான் இயல்பு. வெளியே இருக்கிற எவருக்கும் முதல் பெயர்தான் தெரியும். இந்தப் பாலத்தை யாரும் போடவில்லை. நான் எழுதிய பக்கத்திலும் அது இல்லை, ஏனென்றால் என்னுடைய ஃபைல்களில் எழுத்துருவின் பெயரும் குறியேற்றத்தின் பெயரும் தற்செயலாக ஒன்றாக இருந்தன.

அன்று மாலை பேருந்தில் வரும்போது பதினொரு தடைகளை எண்ணிக் குறித்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் பக்கத்தை முழுவதுமாக மாற்றி எழுதினேன். டாலர் குறிகள் போயின. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால், அதை எந்தச் சன்னலில் அடிக்க வேண்டும் என்ற வரி வந்தது. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது வந்தது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கட்டளையை மட்டும் கொடுத்தால், அது நடந்ததா இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. தெரியாமலேயே அடுத்த படிக்குப் போய் அங்கே விழுவார், தவறு அங்கே இருப்பதாக நினைப்பார். அப்புறம் எழுத்துருப் பெயர்களின் அட்டவணை. இடப்பக்கம் எழுத்துருவின் பெயர், வலப்பக்கம் எங்கள் நூலகத்தில் கொடுக்க வேண்டிய பெயர். அந்தப் பெயரும் தெரியாதவர்களுக்காக, 'அம்மா', 'தமிழ்' என்ற இரண்டு சொற்கள் ஒவ்வொரு குறியேற்றத்திலும் நோட்பேடில் எப்படித் தெரியும் என்று காட்டினோம். தன் ஃபைலைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எங்கள் ஆவணங்களிலேயே இன்றுவரை மக்களுக்கு அதிகம் கைகொடுக்கும் பக்கம் இதுதான் என்பது வருகிற கேள்விகளிலிருந்து தெரிகிறது. அதில் ஒரு வரி நிரல்கூட இல்லை.

விண்டோஸில் இன்னொரு தடையும் இருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தமிழில் எதைச் செய்கிறவருக்கும் இது வரும். ஃபைலைத் திறக்கும்போது குறியேற்றம் எது என்று சொல்லாவிட்டால், 3.15க்கு முந்தைய பைத்தான் அந்தக் கணினியின் இயல்பான குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம். யுனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யுடிஎஃப் 8இல் தமிழின் புள்ளி மூன்று பைட்டுகளாகப் போகிறது. அதில் கடைசி பைட்டுக்கு 1252இல் இடமே ஒதுக்கப்படவில்லை. அதனால் மெய்யெழுத்து வந்ததும் 'சார்மேப்' என்று தொடங்கும் ஒரு நீண்ட எரர் வந்து எல்லாம் நின்றுவிடும். புள்ளி வைத்த எழுத்து இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? திறக்கும் வரியில் யுடிஎஃப் 8 என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் இதை நாங்கள் எங்கள் நூலகத்தின் பிரச்சினை இல்லை என்று சொல்லி இரண்டு இஷ்யூக்களை, அதாவது பயனர்கள் பதிந்த குறைகளை, மூடியிருந்தோம். நிரலைப் பொறுத்தவரை அது உண்மை. படிப்பவரைப் பொறுத்தவரை, எங்கள் வழிகாட்டியைப் பார்த்துச் செய்தார், உடைந்தது, அவ்வளவுதான். இப்போது அந்த எரர் செய்தி அப்படியே, எழுத்து மாறாமல், எங்கள் பக்கத்தில் இருக்கிறது. எழுத்து மாறாமல் இருப்பது முக்கியம். சிக்கிக்கொண்டவர்கள் தங்கள் சொந்தச் சொற்களில் தேடுவதில்லை. திரையில் வந்ததை நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டுகிறார்கள்.

பக்கங்கள் ஐந்தாறு ஆனதும் ரீட்மி போதவில்லை. ஆவணப் பக்கங்களைக் கட்டித் தரும் ஸ்பிங்க்ஸுக்கு மாறினோம். பைத்தான் மொழியின் சொந்த ஆவணங்களுக்காகக் கியோர்க் பிராண்டல் உருவாக்கிய கருவி அது. அதுவரை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்த பைத்தான் ஆவணங்கள் 2008இல் வந்த 2.6 பதிப்போடு ஸ்பிங்க்ஸுக்கு வந்தன. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதி எம்கேடாக்ஸ் என்ற கருவியில் கட்டியிருந்தாலும் எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும். எந்தக் கருவி என்று ஒரு மாதம் விவாதித்தோம். அந்த ஒரு மாதத்தில் ஒரு பக்கம்கூடப் புதிதாக எழுதப்படவில்லை. பைத்தான் நூலகமாக இருந்தால் ஸ்பிங்க்ஸ், மற்றதற்கு உங்கள் குழுவில் பெரும்பாலானவருக்குத் தெரிந்தது எதுவோ அது. இவ்வளவுதான் என் ஆலோசனை.

ஆனால் தமிழில் எழுதினால் ஸ்பிங்க்ஸில் சில விஷயங்கள் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இவற்றை யாரும் சொல்லித் தரவில்லை, ஒவ்வொன்றாக மோதித்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்பிங்க்ஸ் பக்கங்களை எழுதும் குறியீடான ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டில் தலைப்புக்குக் கீழே சமக்குறிகளால் கோடு போட வேண்டும். கோடு தலைப்பைவிடச் சிறியதாக இருந்தால் எச்சரிக்கை வரும். 'நிறுவுதல்' என்று தலைப்பு எழுதி, ஐந்து எழுத்துதானே என்று ஐந்து சமக்குறி போட்டேன். எச்சரிக்கை வந்தது. அடியில் வேலை செய்யும் டாக்யுட்டில்ஸ் புள்ளியை விட்டுவிடுகிறது, ஆனால் உயிர்மெய்யில் வரும் சுழி, கொக்கி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதன் கணக்கில் 'நிறுவுதல்' எட்டு. கோடு நீளமாக இருந்தால் தவறில்லை என்பதால், எல்லாத் தலைப்புக்கும் ஒரே நீளத்தில் நாற்பது குறி போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். யாரும் எண்ண வேண்டியதில்லை.

இதைவிடத் தொல்லை தந்தது தலைப்புக்கான இணைப்பு. ஆங்கிலத் தலைப்பாக இருந்தால் அந்தச் சொல்லே இணைப்பின் முகவரியில் வரும். முகவரிக்கான பெயரை ஆங்கில எழுத்துகளிலிருந்து மட்டும்தான் அது உண்டாக்குகிறது. தமிழ்த் தலைப்பில் அப்படி எதுவும் மிஞ்சாததால், ஐடி 1, ஐடி 2 என்று வரிசை எண் கொடுத்துவிடும். ஒருவருக்கு 'இந்தப் பகுதியைப் பாருங்கள்' என்று இணைப்பு அனுப்புவோம். அடுத்த மாதம் அதற்கு மேலே புதிய பகுதி ஒன்றைச் சேர்ப்போம். எண்கள் ஒவ்வொன்று நகர்ந்து, பழைய இணைப்பு வேறு பகுதிக்குப் போய் நிற்கும். உடைந்த இணைப்பாவது உடைந்தது என்று தெரியும். இது தவறான இடத்தை அமைதியாகக் காட்டும். பல பேருக்குத் தவறான பகுதியைப் படிக்கக் கொடுத்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தோம். இப்போது ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே கையால் ஆங்கிலத்தில் ஒரு லேபிள் வைக்கிறோம். தமிழில் ஆவணம் தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்; நூறு தலைப்பு வந்தபிறகு செய்வது பெரிய வேலை.

தேடுபெட்டியும் அப்படித்தான். பைத்தானில் எழுத்துத் தொடர்களைத் தேடிப் பிரிக்கும் வசதியான ரெகுலர் எக்ஸ்பிரஷன், சொல்லின் எழுத்து எது என்று பார்க்கும்போது புள்ளி, கொம்பு, கால் இவற்றை எழுத்தாகக் கொள்வதில்லை. அந்த இடங்களில் சொல்லை வெட்டிவிடுகிறது. ஸ்பிங்க்ஸ் தேடலுக்கான சொற்பட்டியலை அந்த வழியில்தான் தயாரிக்கிறது. அதனால் தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடினால் சம்பந்தமில்லாத பக்கங்கள் வரும், வேண்டிய பக்கம் வராமல் போகும். இதைச் சரிசெய்யும் திறமை எங்களிடம் இல்லை. அதற்குப் பதிலாக, 'என்ன பிரச்சினை?' என்று ஒரு பக்கம் கையால் கட்டினோம். 'கட்டம் கட்டமாகத் தெரிகிறது', 'கொம்பு தள்ளி நிற்கிறது', 'சார்மேப் என்று எரர் வருகிறது' என்று மக்கள் சொல்கிற மாதிரியே வரிகள். ஒவ்வொன்றிலிருந்தும் உரிய இடத்துக்கு இணைப்பு. தேடுபெட்டி நன்றாக வேலை செய்திருந்தால் இந்தப் பக்கத்தைக் கட்டியிருக்க மாட்டோம். கட்டியபிறகு பார்த்தால், தேடுபெட்டி நன்றாக இருந்தாலும் இது தேவைதான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற ஆர்வத்தில் 'அடைவு', 'முனையம்' என்றெல்லாம் எழுதினேன். கலைச்சொல்லாக்கத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதற்காக உழைத்தவர்கள் இல்லாமல் கணினியில் தமிழே இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் இருபது வருடம் தமிழை மட்டுமே அடித்துக்கொண்டிருக்கும் டிடிபி அண்ணன், "அடைவுன்னா என்ன தம்பி?" என்று கேட்டபோது, படிப்பவரின் திரையில் எந்தச் சொல் இருக்கிறதோ அதைத்தான் வழிகாட்டியில் போட வேண்டும் என்று புரிந்தது. அவர் திரையில் ஃபோல்டர் என்று இருக்கிறது. அவரும் ஃபோல்டர் என்கிறார். விளக்கப் பக்கங்களில் தமிழ்க் கலைச்சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம், சொல்லடைவு ஒன்றும் வைத்திருக்கிறோம். கையைப் பிடித்து அழைத்துப்போகும் பக்கங்களில் கூடாது. நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே புதுச் சொல்லையும் கற்கச் சொல்வது இரட்டைச் சுமை.

இரண்டு வகைப் பக்கங்கள் என்று சொன்னேன். இதை டானியேலே ப்ரோச்சிடா முன்வைத்த டயடாக்ஸிஸ் என்ற முறையிலிருந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுப்பது, ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வழிகாட்டுவது, விவரங்களை அடுக்கித் தருவது, ஏன் இப்படி என்று விளக்குவது என ஆவணத்தை நான்காகப் பிரிக்கிறார் அவர். எங்கள் பழைய பக்கங்களில் இந்த நான்கும் ஒரே பத்தியில் கிடந்தன. 'இந்தக் கட்டளையை அடிக்கவும்' என்று சொல்லிவிட்டு, உடனே டிஸ்கியின் வரலாறு. பிரித்து வைத்தபிறகு ஒவ்வொரு பக்கமும் பாதியானது. எல்லாப் பக்கத்தையும் நான்கில் ஒன்றில் அடைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. குழம்பிக் கிடக்கும் ஒரு பக்கத்தை எங்கே வெட்டுவது என்று தெரியாதபோது எடுத்துப் பார்க்கலாம்.

எழுதி வைத்த ஆவணம் அப்படியே இருந்தாலும் ஒருநாள் பொய்யாகிவிடும். இது என்னை மிகவும் பாதித்த விஷயம். எங்கள் நிறுவும் பக்கம் பல பேரிடம் சோதித்த பக்கம். 2023இல் ஒரு கல்லூரி மாணவி எழுதினாள்: முதல் கட்டளையே ஓடவில்லை, 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று ஏதோ வருகிறது, நான் என்ன தவறு செய்தேன்? அவள் தவறு எதுவும் செய்யவில்லை. டெபியன் 12 முதலான புதிய லினக்ஸ் பதிப்புகளில், இயங்குதளத்தின் பைத்தானுக்குள் நூலகங்களை நிறுவும் பிப் கருவி நேரடியாக எதையும் நிறுவ முடியாதபடி மாற்றியிருந்தார்கள். பைத்தான் சமூகத்தின் பெப் 668 என்ற முன்மொழிவின்படி செய்த, நியாயமான மாற்றம். இயங்குதளத்துக்குத் தேவையானதை நாம் தெரியாமல் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக. வர்ச்சுவல் என்விரான்மென்ட் என்ற தனித்த பைத்தான் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவினால் எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கம் அதைச் சொல்லவில்லை. எத்தனை பேர் அந்த முதல் படியிலேயே, தங்களுக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துப் போய்விட்டார்களோ. 'நான் என்ன தவறு செய்தேன்' என்ற அவளுடைய வரி இன்னும் மனதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஆவணத்தையும் நிரலைப்போலச் சோதிக்கத் தொடங்கினோம். சோதனைதான் என் தொழில். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு தானியங்கி வேலை, வெறுமையான லினக்ஸ் ஒன்றை எடுத்து, எங்கள் நிறுவும் பக்கத்தில் இருக்கும் கட்டளைகளை வரிசையாக ஓட்டிப் பார்க்கிறது. பக்கங்களில் இருக்கும் பைத்தான் எடுத்துக்காட்டுகளை டாக்டெஸ்ட் ஓட்டுகிறது. பைத்தானிலேயே 2001 முதல் இருக்கும் வசதி அது. எழுதிக்காட்டிய விடையும் வந்த விடையும் ஓர் எழுத்து மாறினாலும் சிவப்பு விளக்கு. ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறவர், ஆவணத்தில் அது வரும் இடங்களையும் மாற்றாமல் இணைக்க முடியாது. ஸ்பிங்க்ஸில் எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் விருப்பத்தையும் போட்டுவிட்டோம். முதல்நாள் ஓட்டியபோது எச்சரிக்கைகள் திரையை நிரப்பின. அவற்றில் ஒன்று, எந்த உள்ளடக்கப் பட்டியலிலும் இல்லாத ஒரு பக்கத்தைக் காட்டிக்கொடுத்தது. நண்பர் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய நல்ல பக்கம். பல மாதமாக அதற்கு வழியே இல்லாமல் கிடந்திருக்கிறது.

அதே சமயத்தில் பதிப்புக் குழப்பத்தையும் தீர்த்தோம். ஆவணங்களை இணையத்தில் வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தில் எங்கள் ஆவணத்தைத் திறந்தால், இன்னும் வெளியிடாத நிரலுக்கான பக்கங்கள் வந்தன. பிப் தருவதோ வெளியிட்ட பதிப்பு. பக்கத்தில் இருக்கும் ஃபங்ஷன் கணினியில் இல்லை என்று கேள்விமேல் கேள்வி. வெளியிட்ட பதிப்பையே முதலில் காட்டும்படி ஓர் அமைப்பை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

'தெரிந்த குறைகள்' பக்கத்துக்கு வருகிறேன். நான் எழுதியவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. அதை எழுதும்போது குழுவில் சிலர் தயங்கினார்கள். நம் குறையை நாமே பட்டியலிட்டால் யார் பயன்படுத்துவார்கள் என்பது அவர்கள் கவலை.

பழைய எழுத்துருக்களில், கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படுகிறது. கொம்பு முதலில், மெய் அடுத்து. யுனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி அடுத்து. இதை மாற்றி அடுக்குவது எளிது. சிக்கல் 'கௌ' போன்ற எழுத்தில் இருக்கிறது. அதன் வலப்பக்கம் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பாமினியில் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா? யோசிக்காமல் மாற்றினால் 'வெள்ளி' என்பது ஔகாரத்தின் தலையில் புள்ளி வைத்த ஓர் அரைகுறை எழுத்தாக வரும். இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படித்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். அடுத்து ஒரு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ள என்ற எழுத்துதான் என்று விதி வைத்துப் பெரும்பகுதியைச் சரிசெய்திருக்கிறோம். ஆனால் மாமாவின் இதழில் இருந்தவை சிறுகதைகள். "கெளம்பு", "வெளக்கு ஏத்து" என்று பாத்திரங்கள் பேசுகிறார்கள். எங்கள் விதியால் அவை 'கௌம்பு', 'வௌக்கு' ஆகிவிடுகின்றன. கௌரவத்தையும் கெளம்புவதையும் பிரித்தறிய, படிக்கத் தெரிந்த மனிதக் கண் வேண்டும்.

இதை அப்படியே எழுதினேன். எந்தெந்தச் சொற்களில் தவறு வரலாம், மாற்றியபிறகு எதைத் தேடிப் பார்க்க வேண்டும், பேச்சுவழக்கு அதிகமாக இருந்தால் என்ன செய்யலாம். அந்தப் பக்கம் வந்தபிறகு யாரும் விலகிப் போனதாகத் தெரியவில்லை. 'உங்கள் மென்பொருள் என் தாத்தாவின் கதையைக் கெடுத்துவிட்டது' என்ற மாதிரிக் கோபமான கடிதங்கள் வருவது நின்றது. மாறாக, தங்கள் வட்டார வழக்கில் இப்படி வரும் சொற்களை மக்கள் அனுப்பத் தொடங்கினார்கள். எங்களால் தனியாக ஒருபோதும் திரட்டியிருக்க முடியாத பட்டியல் அது. அதில் பாதியை அனுப்பியவர்களுக்கு நிரல் எழுதத் தெரியாது.

அவர்களை வரவேற்பதற்காகவே சில ஏற்பாடுகள் செய்தோம். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவி தெரியாதவர்கள் மின்னஞ்சலில் அனுப்பலாம், நாங்கள் அவர்கள் பெயரில் சேர்ப்போம். எழுத்துப்பிழைத் திருத்தம் ஒன்று வந்தாலும் அதே வாரத்தில் பார்த்துப் பதில் சொல்வது என்று முடிவெடுத்தோம். வேறொரு திட்டத்துக்கு நான் அனுப்பிய ஒரு சிறு திருத்தம் ஒன்பது மாதம் பதிலில்லாமல் கிடந்தது. அங்கே நான் திரும்பிப் போகவே இல்லை. ஆவணத்தைத் திருத்தி அனுப்புகிறவர் ஒருவர், அதைப் படித்து, தடுக்கி, எழுந்து, அடுத்தவர் தடுக்கக் கூடாது என்று நேரம் செலவழித்து எழுதியிருக்கிறார். அவரைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை.

போன வருடம் டிடிபி அண்ணன், இதையெல்லாம் திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கக் கண் வலிக்கிறது, அச்சில் கொடு என்றார். ஸ்பிங்க்ஸில் பிடிஎஃப் எடுக்கலாம். தமிழுக்கு மட்டும் வழக்கமான லேடெக் எஞ்சின் உதவாது, ஸீலேடெக்கை அமைத்து, தமிழ் எழுத்துரு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். எடுத்து, முதல் வழிகாட்டியை மட்டும் நான்கு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தத் தை மாதம் கடைக்குப் போனபோது அந்தத் தாள்கள் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தன. ஓரமெல்லாம் நீலப் பேனாக் குறிப்புகள். கடையில் வேலைக்குச் சேர்ந்த புதுப் பையனுக்காக அண்ணன் எழுதியவை. ஒரு படியை அடித்துவிட்டு 'இது வேண்டாம், ஏற்கெனவே இருக்கு' என்று போட்டிருந்தார். எழுத்துரு அட்டவணையில் நாங்கள் கேள்விப்பட்டிராத இரண்டு பெயர்களைச் சேர்த்திருந்தார். முதல் தாளின் உச்சியில், எங்கள் தலைப்புக்கும் மேலே, பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மொதல்ல ஃபைலை வேற ஃபோல்டர்ல காப்பி எடுத்து வச்சுக்கோ.'

இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் அதை எழுதத் தோன்றவில்லை. செல்போனில் நான்கு தாளையும் படம் எடுத்துக்கொண்டு, அன்று இரவே தட்டச்சு செய்து அனுப்பினேன். பராமரிப்பாளர் வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டார். ஆமாம், கடையில் தினமும் செய்கிறார்கள் என்று எழுதினேன். அந்த வரி இப்போது முதல் பக்கத்தின் முதல் வரியாக, அண்ணன் எழுதியபடியே இருக்கிறது.